புதிய காதுமடல், பழைய மூளை: ஒலியின் திசையை மீளக் கற்றல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

1998-இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்திலிருந்து ஹாஃப்மன், வான் ரிஸ்விக், வான் ஓப்ஸ்டல் மூவரும் வெளியிட்ட சோதனை அளவில் மிகச் சிறியது. இயல்பான செவித்திறன் உள்ள பெரியவர்கள் நான்கு பேர். அவர்களது இரண்டு காதுமடல்களின் குழியிலும் பொருந்தும்படி செய்த அச்சுகள். அதிகபட்சம் ஆறு வாரம். காதுத்துளையை அச்சு அடைக்கவில்லை. ஒலி முன்போலவே கேட்டது. மாறியது மடலின் வடிவம் மட்டும்.

அச்சை வைத்த உடனே இருட்டறையில் சோதித்தார்கள். ஒலி கேட்ட இடத்தை நோக்கிக் கண்ணைத் திருப்ப வேண்டும், கண்ணசைவுதான் பதில். இடம், வலம் சொல்வதில் பிழை கூடவில்லை. மேல், கீழ் சொல்லும் திறனோ அடியோடு போய்விட்டது. மேலிருந்து வந்ததும் கீழிருந்து வந்ததும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதாகவே பட்டது. அச்சைக் கழற்றாமல் அன்றாட வாழ்க்கையைத் தொடரச் சொன்னார்கள். தனியாகப் பயிற்சி எதுவும் தரவில்லை. சில வாரங்களில் மேல், கீழ் அறிவு படிப்படியாக மீண்டது.

இதுவரை வியப்பில்லை. பழகினால் வரும் என்பது யாரும் எதிர்பார்ப்பதே. இந்த நிகழ்வை முக்கியமாக்குவது அச்சைக் கழற்றிய நாள். காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்தும் ப்ரிஸம் கண்ணாடி அணிந்து பந்தெறியப் பழகியவர், அதைக் கழற்றியதும் எதிர்ப்பக்கமாகத் தவறுவார். மூளை தன் கணக்கை நகர்த்தி வைத்திருப்பதற்கு அது சான்று. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. கழற்றிய அந்தக் கணமே பழைய காதுகளோடு பழைய துல்லியம் இருந்தது. இரண்டாம் மொழி கற்றவர் தாய்மொழியை மறக்காததுபோல, புதிய மடலுக்கான கணக்கு பழையதன் பக்கத்தில் சேர்ந்திருந்தது, பழையதை அழிக்கவில்லை.

வளர்ந்தவர் மூளையில் ஒலித்திசைப் பயிற்சி என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இந்த ஒரு கவனிப்பிலிருந்து தொடங்குவதே சரி. பயிற்சித் திட்டம் வகுப்பவர்கள் பலர் முன்னேற்றத்தை மட்டும் அளந்துவிட்டு, கழற்றிய பிறகு அளக்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்போது பாதி விடை கையைவிட்டுப் போகிறது.

மூன்று தடயங்கள்

கண்ணுக்கு விழித்திரை இருக்கிறது. வெளியுலகின் இடம் அதில் நேரடியாகப் பதிகிறது. காதின் நத்தையெலும்புச் சுருள் அதிர்வெண்ணை மட்டுமே பிரிக்கிறது. ஆகவே இடத்தை மூளை கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மூன்று தடயங்கள்.

முதலாவது நேர வேறுபாடு. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி தூரக் காதை அடைய ஏறத்தாழ 650 முதல் 700 மைக்ரோ விநாடி கூடுதலாக ஆகும்; மனிதத் தலையின் அளவுக்கு அதுதான் உச்சம். நல்ல சூழலில் 10 மைக்ரோ விநாடி வேறுபாட்டைக்கூட மனிதர்கள் கண்டுகொள்கிறார்கள். நேர் எதிரே ஒரு பாகை நகர்வுக்கு அது சமம். இது ஏறத்தாழ 1.5 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளில் வலுவான தடயம். இரண்டாவது ஒலியளவு வேறுபாடு: உயர் அதிர்வெண்ணில் தலை நிழலாக நின்று தூரக் காதில் 20 டெசிபல் வரைகூடக் குறைக்கும். இந்த இரண்டின் பங்கீட்டை ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு 1907-லேயே சொல்லிவிட்டார்.

இந்த இரண்டும் இடவலத்துக்குத்தான். நேர் எதிரே மேலே, கீழே, பின்னே என்று நகரும் ஒலிக்கு இரண்டு காதிலும் ஒரே நேரம், ஒரே அளவு. அங்கே கைகொடுப்பது மூன்றாவது தடயம்: காதுமடலின் மடிப்புகளில் மோதித் திரும்பும் அலைகள் ஒலியின் நிறமாலையில், அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக உள்ளது என்ற பரவலில், உண்டாக்கும் மேடும் பள்ளமும். இது சுமார் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் வேலை செய்யும். ஒலி மேலே ஏற ஏற, நிறமாலையில் உள்ள ஓர் ஆழ்ந்த பள்ளமும் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து 10-ஐ நோக்கி ஏறும். ஒவ்வொருவர் மடலும் வேறு என்பதால் இந்தப் பள்ளத்தின் இடமும் ஆளுக்கு ஆள் வேறு. கைரேகையைப் போல் அல்லாமல், மடல் வயதோடு வளர்ந்துகொண்டும் இருக்கிறது. அதனால் மூளை இந்தக் கணக்கை வாழ்நாள் முழுதும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. அச்சு சோதனை அந்த மெதுவான வேலையைத் திடீரென்று கேட்கிறது, அவ்வளவுதான்.

அச்சு செய்தலும் அதில் வரும் கோளாறுகளும்

சோதனையின் தரம் அச்சின் தரம்தான். முதலில் காதைப் பார்க்கும் கருவியால் உள்ளே மெழுகு, புண், செவிப்பறைத் துளை இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். காதுத்துளையின் வாயிலில் நூல் கட்டிய பஞ்சுத் தடுப்பு வைத்து, இரண்டு பாகம் கலந்து இறுகும் சிலிக்கோன் பசையைக் குழியில் அழுத்த வேண்டும். சில நிமிடங்களில் இறுகிவிடும். பிறகு தடுப்பை எடுத்து, துளை தெரியும்படி அச்சைச் செதுக்க வேண்டும். கனம் சில மில்லிமீட்டர் போதும். குழியின் மேல்பாதியும் கீழ்பாதியும் நிரம்ப வேண்டும். மடலின் வெளி விளிம்பைத் தொடத் தேவையில்லை.

அடுத்து வருவது பலர் தாண்டிவிடும் படி. சிறு மைக்கைக் காதுவாயிலில் வைத்து, ஒரு வளைவில் வரிசையாக நிற்கும் ஒலிபெருக்கிகளிலிருந்து அதிர்வெண் ஏறும் ஒலியை இசைத்து, அச்சோடும் அச்சில்லாமலும் நிறமாலையைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். அச்சு தடயத்தை உண்மையில் மாற்றியதா? மாற்றியபின் திசைக்குத் திசை வேறுபாடு இன்னும் மிச்சமிருக்கிறதா? முதலாவதற்கு இல்லை என்றால் திறன் குறையவே குறையாது, அளக்க எதுவுமில்லை. இரண்டாவதற்கு இல்லை என்றால், எத்தனை வாரம் பழகினாலும் கற்க ஏதும் இல்லை. குழியை முழுக்க நிரப்பி வழவழப்பாக்கிய அச்சில் இந்த இரண்டாவது கோளாறு வரும். மீட்சி வராதபோது மூளையைக் குறை சொல்வதற்கு முன் அந்த நிறமாலையைப் பார்ப்பது நல்லது.

அச்சு தளர்வாக இருந்தால் தாடை அசைய அசைய நகரும். தடயமும் நாளுக்கு நாள் மாறும். துளை ஓரளவு அடைபட்டால் அது மடல் மாற்றமாக இருக்காது, கேட்கும் அளவின் குறைவாகிவிடும். அதிலும் ஒரு பக்கம் மட்டும் அடைபட்டால் இடவலமும் கெடும். அதனால் அச்சு வைத்தபின் செவித்திறனை அதிர்வெண் வாரியாக ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்.

அளவீட்டின் கண்ணிகள்

ஒலி அகன்ற நிறமாலை கொண்ட இரைச்சலாக இருக்க வேண்டும். 16 கிலோஹெர்ட்ஸ் வரையாவது எட்ட வேண்டும். ஒற்றைச் சுருதியை வைத்து உயரத்தைச் சோதிப்பது வீண். அங்கே தடயமே இல்லை. நீளம் 150 முதல் 200 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும். அதைவிட நீண்டால், கேட்பவர் தலையைத் திருப்பி ஒலி நடக்கும்போதே திசையைத் தேடிவிடுவார். தலை திரும்பினால் தடயங்கள் மாறும் விதத்திலிருந்தே முன்பின் குழப்பம் தீர்ந்துவிடும். மடல் என்ன சொன்னது என்று தெரியாமல் போகும்.

ஒலியளவை ஒவ்வொரு முறையும் தாறுமாறாக மாற்ற வேண்டும். மேல் ஒலிபெருக்கி சற்று உரக்க ஒலித்தால் உரப்பே உயரத்துக்குச் சாட்சியாகிவிடும். ஒரு காது கேளாதவர்களைச் சோதிக்கும்போது இது இன்னும் முக்கியம்: வான் வான்ரோயும் வான் ஓப்ஸ்டலும் காட்டியபடி, அவர்களில் பலர் தலை நிழலால் உண்டாகும் உரப்பை வைத்தே திசையை ஊகிக்கிறார்கள். ஒரே அளவில் சோதித்தால் திறமையாகத் தெரியும் அது, அளவை மாற்றியதும் சரிந்துவிடும். ஒலிபெருக்கிகள் ஒலியை மறைக்காத துணித் திரைக்குப் பின்னே இருக்க வேண்டும். கண்ணால் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் தனியொரு குரல் உண்டு. அதைச் சமன்செய்யாமல் விட்டால், கேட்பவர் திசையைக் கற்காமல் பெட்டியின் குரலைக் கற்றுவிடுவார்.

பதிலைச் சராசரிப் பிழையாக மட்டும் சொல்வது போதாது. உண்மையான உயரத்துக்கு எதிராகச் சொன்ன உயரத்தை வரைந்து, அந்தக் கோட்டின் சரிவை எடுக்க வேண்டும். சரிவு 1 என்றால் துல்லியம், 0 என்றால் எல்லாம் ஒரே உயரம். அச்சு வைத்த முதல் நாளில் சரிவு 0-வை நெருங்கும். முன்னிருந்து வந்த ஒலியைப் பின்னிருந்து வந்ததாகவோ, பின்னிருந்து வந்ததை முன்னிருந்து வந்ததாகவோ சொல்லும் முன்பின் புரட்டல்களைத் தனியாக எண்ண வேண்டும். அவற்றைச் சராசரியில் கலந்தால் சிறு பிழைகளில் வந்த முன்னேற்றமெல்லாம் மறைந்துவிடும். பயிற்சியில் பயன்படாத சில இடங்களையும் சோதனையில் சேர்ப்பது கட்டாயம். அங்கேயும் முன்னேறினால்தான் கற்றது விதி. இல்லையென்றால் பயிற்சி இடங்களின் பட்டியலை மனப்பாடம் செய்ததுதான்.

பயிற்சி எங்கே வேறுபடுகிறது

நைமேகனில் வாழ்க்கையே பயிற்சி. பூட்டிய அறையில் பயிற்சி தந்தால் மீட்சி விரைவாகிறது. ஆனால் எதைப் பின்னூட்டமாகத் தருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சரி, தவறு என்று மட்டும் சொல்வது வலுவற்றது. ஒலி வந்த இடத்தில் விளக்கெரிப்பது அதைவிட மேல். கேட்பவர் தானே தலையைத் திருப்ப, சரியான திசையை நெருங்க நெருங்க ஒலித்துடிப்புகள் நெருங்கி ஒலிக்கும்படி வைத்தால், உடல் அசைவும் கேட்டலும் ஒரே கணக்கில் பிணைகின்றன. சிட்னியில் கார்லைல் குழுவினர் 2014-இல் வெளியிட்ட அச்சுச் சோதனைகளில் இவ்வகைப் பின்னூட்டத்தின் பலன் நன்றாகத் தெரிந்தது. பார்வைப் புலத்துக்கு வெளியே, பின்புறத்தில் உள்ள இடங்களிலும் மீட்சி வந்தது. ஆக, கண் மட்டுமே ஆசிரியர் அல்ல.

எல்லாத் தடயங்களும் பயிற்சிக்கு ஒரேபோல் வளைவதில்லை. ரைட், ஃபிட்ஸ்ஜெரால்ட் இருவரும் 2001-இல் நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் ஒன்பது நாள் பயிற்சி தந்தார்கள். ஒலியளவு வேறுபாட்டில் நீண்ட பயிற்சி கூடுதல் பலன் தந்தது. நேர வேறுபாட்டிலோ தொடக்க நாட்களிலேயே வந்த முன்னேற்றம்தான். அதன் மேல் நீண்ட பயிற்சி எதையும் கூட்டவில்லை. பயிற்சிக் காலத்தைத் தீர்மானிக்கும்போது இதைக் கணக்கில் கொள்ளாதவர்கள், ஒன்றில் தேவைக்கு மேலும் இன்னொன்றில் தேவைக்குக் கீழும் நாட்களைச் செலவழிக்கிறார்கள்.

வேகமான இன்னொரு மாற்றமும் உண்டு. அதை இதோடு குழப்பக்கூடாது. ஒலியையும் 8 பாகை தள்ளிய விளக்கையும் 20, 30 நிமிடம் சேர்த்துக் கொடுத்தால், பிறகு ஒலி மட்டும் கேட்டாலும் விளக்கிருந்த பக்கமாக இடம் சாய்கிறது. 1998-இல் ரீகன்ஸோன் காட்டியது இது. அது நகர்த்தல், பின்விளைவு உண்டு. அந்த நகர்வு 750 ஹெர்ட்ஸில் பழகினால் 3,000 ஹெர்ட்ஸுக்குத் தொற்றுவதில்லை. காதுமடல் அச்சில் நடப்பதோ சேர்த்தல். நிமிடக் கணக்கில் வருவதும் வாரக் கணக்கில் வருவதும் ஒரே இயந்திரம் என்று எடுத்துக்கொள்ள இடமில்லை.

மூளையில் எங்கே

ஷோன்வீஸ்னர், ட்ராப்போ குழுவினர் மான்ட்ரியாலில் இதை இரு பக்கத்திலிருந்தும் பார்த்தார்கள். ஒன்றில் காதுத்துளைக்குள் பொருத்திய மின்னணுச் செருகியால் ஒரு காதின் ஒலியைத் தாமதப்படுத்தினார்கள். ஒன்பது நாள் அதை அணிந்தபடியே அன்றாட வேலைகளைச் செய்தவர்கள் விரைவில் சரிக்கட்டிக்கொண்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த, மூளையின் இயக்கத்தைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படங்களில், செவிப்புறணியின் (மூளையின் மேலடுக்கில் ஒலியைக் கையாளும் பகுதி) செயல்பாடு இடவலப் பாதிகளுக்கிடையே பங்கிடப்படும் விதம் மாறியிருந்தது. அந்த மாற்றம் நடத்தையில் கண்ட நகர்வோடு ஒத்துப்போனது. 2018-இல் வெளிவந்த இன்னொன்று காதுமடல் அச்சு பற்றியது. புறணியின் பல இடங்கள் கீழிருந்து வரும் ஒலிக்கு அதிகமாகவும் மேலிருந்து வருவதற்குக் குறைவாகவும் பதிலளிக்கின்றன. அச்சு வைத்ததும் இந்தச் சாய்வு தட்டையானது. சில நாட்கள் கழித்து உயரம் அறியும் திறன் மீண்டபோது, சாய்வும் மீண்டது. காதுக்குள் நுழைந்த ஒலி இன்னும் அச்சின் ஒலிதான். ஆகவே புறணி பதிவுசெய்வது நிறமாலையை அல்ல, அதிலிருந்து புரிந்துகொண்ட உயரத்தை.

இதே குழு அச்சைக் கழற்றி ஒரு வாரம் கழித்து மீண்டும் வைத்துப் பார்த்தது. கற்றது இருந்தது. பல நிறமாலைகள் ஒரே திசைக்குச் சுட்டலாம் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

படம் எங்கே என்று காட்டும். எது இல்லாமல் நடக்காது என்று காட்டாது. அதற்கு ஆக்ஸ்ஃபோர்டில் ஆண்ட்ரூ கிங் குழுவினர் ஃபெரட் என்னும் சிறு ஊனுண்ணியை வைத்துச் செய்த தொடர் சோதனைகள் உதவுகின்றன. வட்ட அரங்கில் 30 பாகைக்கு ஒன்றாக 12 ஒலிபெருக்கிகள். நடுவில் நிற்கும் விலங்கு ஒலி வந்த பெட்டிக்குப் போனால் தண்ணீர். குருட்டாம்போக்கில் போனால் பன்னிரண்டில் ஒரு முறைதான் சரி. ஒரு காதை நுரைச் செருகியால் அடைத்தால் ஒலியளவு மட்டுமல்ல, நேரமும் மாறும். திறந்த காதின் பக்கமே ஒலிகள் சாயும். 2006-இல் வெளியான முடிவு: அடிக்கடி பயிற்சி பெற்ற வளர்ந்த விலங்குகள் விரைவாகவும் நன்றாகவும் மீண்டன. செருகியோடு சும்மா வாழ்ந்தது போதவில்லை. அந்தத் தடயங்களை வைத்து வேலை செய்ய வேண்டியிருந்தது. பார்வை இல்லாமலும், சரி தவறு சொல்லாமலும்கூட மீட்சி நடந்தது. கெட்டுப்போன தடயங்களின் எடையைக் குறைத்து, குறைவாகக் கெட்டவற்றின் எடையைக் கூட்டியதே அதன் வழி. பின்னர் 2016-இல் மனிதர்களிடம் இந்த எடை மாற்றமும், கெட்ட தடயத்துக்கே புதுப்பொருள் கொடுப்பதும் தகுந்த பயிற்சியில் சேர்ந்து நடக்கக் கண்டார்கள்.

2010-இல் இதே கூடம் ஒரு நுட்பமான அழிப்பைச் செய்தது. செவிப்புறணியின் ஐந்தாம் அடுக்கிலிருந்து நடுமூளையில் உள்ள செவி மையமான இன்ஃபீரியர் கொலிக்குலஸுக்கு இறங்கும் நரம்புச் செல்களை மட்டும் ஒளியால் கொன்றார்கள். இயல்பான காதுகளோடு திசையறிதல் கெடவில்லை. செருகியோடு மீளக் கற்பது நின்றுபோனது. தெரிந்ததைச் செய்யத் தேவைப்படாத இந்தப் பாதை, புதிதாகக் கற்பதற்குத் தேவைப்படுகிறது. பாடம் மேலிருந்து கீழே இறங்குகிறது. கவனத்தோடு தொடர்புடைய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைப் புறணிக்கு அனுப்பும் முன்மூளை செல்களை அழித்தாலும் இந்தத் தகவமைப்பு நலிகிறது என்று 2013-இல் கண்டார்கள். கவனமும் ஈடுபாடும் இல்லாத பயிற்சி ஏன் பயனற்றது என்பதற்கு இது ஒரு திடமான காரணம்.

எல்லைகள்

வளர்ந்த மூளை எதையும் கற்கும் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. கூகைகளில் எரிக் நுட்சென் செய்த சோதனைகள் இதன் எல்லையைக் காட்டுகின்றன. 23 பாகை ப்ரிஸத்தை ஒரேயடியாக மாட்டினால் வளர்ந்த கூகையின் மூளையிலுள்ள ஒலித்திசை வரைபடம் மிகக் கொஞ்சமே நகர்கிறது. 6, 11, 17, 23 என்று படிப்படியாக ஏற்றினால் நகர்வு பெரிதாகிறது. உயிருள்ள இரையை வேட்டையாட விட்டால் இன்னும் பெரிதாகிறது. மனிதர்களுக்கான பயிற்சியிலும் மாற்றத்தைச் சிறு படிகளாகப் பிரிப்பது, பதிலுக்கு ஏதாவது பயன் இருக்கும்படி வைப்பது என்ற இரண்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கவை.

சில மாற்றங்களுக்குப் படிகளே இல்லை. பி.டி.யங் 1928-இல் இடக்காதின் ஒலியை வலக்காதுக்கும் வலக்காதின் ஒலியை இடக்காதுக்கும் குழாய் வழியே மாற்றித் தரும் கருவியை அணிந்து நாட்கணக்கில் நடமாடினார். கண்ணால் பார்த்து நடந்துகொள்ளப் பழகினார். கண்ணை மூடினால் ஒலி இடம் மாறியே கேட்டது. நைமேகன் குழு 2002-இல் மின்னணுக் கருவிகளால் அதையே திரும்பச் செய்தபோதும் கணக்கு திரும்பவில்லை. மடல் அச்சில் புதிய நிறமாலைக்குப் பழையதோடு சண்டை இல்லை. இரண்டும் தனித்தனியே சேர்ந்திருக்கலாம். இடவலம் மாறியபோது அதே நேர வேறுபாடு நேற்று ஒரு பக்கத்தையும் இன்று எதிர்ப்பக்கத்தையும் குறிக்கிறது. அங்கே சேர்த்துக்கொள்ள வழியில்லை. பழையதை அழித்தால்தான் முடியும்.